‘அலுமினி’யும் அலுமினியத் தட்டும்

“அது படிச்சவங்களுக்கு சார்! நான் எட்டாவதோட நின்னுட்டவன்!”

நல்லவாட்டுக் கடற்கரையில், கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மீனவத் தோழர் ஒருவர் நம்மிடம் கூறிய சொற்கள் இவை. புதுவைக்குத் தெற்கே, கடலையே கழனியாகக் கொண்டு வாழும் ஊர் அது. பள்ளியொன்றில் நடக்கவிருந்த முன்னாள் மாணவர் கூட்டத்துக்கு அழைப்பிதழ் வழங்கச் சென்றிருந்தோம். தோழர் அழைப்பிதழை வாங்கினார். கையிலிருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டு பிரித்தார். ‘அலுமினி மீட்’ என்று தலைப்பில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்ததைத் தடங்கலின்றிப் படித்தார். நாளும், நேரமும், தலைவர் பெயரும் படித்தார். படித்து முடித்துவிட்டு, “இது படிச்சவங்களுக்கு” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்!

சிரிப்பதா, சினப்பதா, தோழர்களே? படிக்கத் தெரிந்தவர், படித்துக் காட்டியவர், படித்த வாய் மூடுமுன்பே தம்மைப் படிக்காதவர் பட்டியலிலே சேர்த்துக்கொண்டார். எட்டாண்டுகள் அவர் பள்ளியிலே இருந்தார். எழுத்தும் எண்ணும் அங்கேதான் கற்றார். அவர் பெயர் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலே இருக்கிறது. ஆயினும் அந்தத் தலைப்பு அவரை உள்ளே அழைக்கவில்லை; வாயிலிலேயே நிறுத்திவிட்டது.

நூல்களைத் திறனாய்வது நமது ஏடுகளின் வழக்கம். கவிதையை எடைபோடுகிறோம், கதையைக் கசக்கிப் பிழிகிறோம். இம்முறை ஒரு சொல்லைத் திறனாய்வோம். பள்ளியிலே பயின்று வெளியேறியவரைக் குறிக்க நம்மிடையே வழங்கும் சொற்கள் எவை? அவை எங்கே பிறந்தன? எப்படி வந்தன? யாரை அணைக்கின்றன, யாரை அகற்றுகின்றன? இதுவே நம் கேள்வி.

‘சொல்லிலே என்ன இருக்கிறது, செயலைப் பாருங்கள்’ என்பார் சிலர். சொல்லிலே ஏதுமில்லையென்றால், ‘அக்கிராசனர்’ ஏன் ‘தலைவர்’ ஆனார்? ‘காரியதரிசி’ ஏன் ‘செயலாளர்’ ஆனார்? ‘அபேட்சகர்’ ஏன் ‘வேட்பாளர்’ ஆனார்? ‘உபாத்தியாயர்’ ஏன் ‘ஆசிரியர்’ ஆனார்? மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் முயற்சி, பிறகு மேடைக்கும் ஏட்டுக்கும் சுவரொட்டிக்கும் பரவி, ஊர்ப்புறத்துப் படிப்பகம் வரை வந்து சேர்ந்தது. சர்வகலாசாலை பல்கலைக்கழகமாயிற்று. நமஸ்காரம் வணக்கமாயிற்று. ஒலி மட்டுமா மாறிற்று? அந்தச் சொல்லுக்கு அஞ்சி ஒதுங்கி நின்றவன், ‘இது நம் சொல், நமக்கும் உரியது’ என்று நெருங்கி வந்தான். அக்கிராசனராக இருக்கக் கூசியவன் தலைவராக இருக்கக் கூசவில்லை. சொல்லின் வேலை அது.

அந்த வேலையை, பள்ளியை விட்டுச் சென்றவரைக் குறிக்கும் சொற்கள் செய்கின்றனவா என்று பார்ப்போம்.

*

முதலிலே ஒரு வியப்பு. கற்பவனுக்குச் சொல் வளம் மிகுந்த தமிழில், கற்று வெளியேறியவனுக்கென்று பழைய தனிச்சொல் எதுவும் வழக்கில் நமக்குக் கிட்டவில்லை! மாணாக்கன் உண்டு. உடன் கற்றவனைக் குறிக்க ‘ஒருசாலை மாணாக்கன்’ என்ற அழகிய தொடர் உண்டு. தொல்காப்பியருக்குப் பனம்பாரனார் ஒருசாலை மாணாக்கர் என்று உரையாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் தருவதற்குரியவர் யாவர் என்று சொல்லவந்த நன்னூலும், ஆசிரியன், மாணாக்கன், உரை செய்தவன் ஆகியோரோடு உடன் கற்றவனையும் சேர்த்திருக்கிறது. ஆனால் ‘முன்பு கற்றவன்’ என்பதற்குத் தனிப்பெயர் இல்லை.

ஏன் இல்லை? தேவையில்லை, அதனால் இல்லை. அந்நாளில் கல்வி, ஓர் ஆசானுக்கும் ஒரு மாணாக்கனுக்கும் இடையிலான உறவு. தந்தைக்கு ‘முன்னாள் மகன்’ இல்லாததுபோல, ஆசானுக்கு முன்னாள் மாணாக்கன் இல்லை. சேர்க்கைப் பதிவேடு இல்லை, மாற்றுச் சான்றிதழ் இல்லை. ஆகவே வெளியேறிய நாள் என்று ஒன்றும் இல்லை.

‘ஆகா, எத்துணை உயர்ந்த உறவு!’ என்று பழம்பெருமை பாடுவோர் உடனே கண்ணீர் மல்குவர். கொஞ்சம் பொறுக்கட்டும். அந்த உறவுக்குள் நுழைய உரிமை பெற்றவர் யார்? பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பவணந்தியார் இயற்றிய அதே நன்னூலைக் கேட்போம். தன் மகன், ஆசானின் மகன், அரசனின் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபட்டு நிற்பவன், சொன்னதை விரைந்து பற்றிக்கொள்பவன். இவர்களுக்கே நூலைச் சொல்லுக என்கிறது. ஆறு பேரில் மூவர் பிறப்பால் வந்தவர். ஒருவர் பணத்தால் வந்தவர். எஞ்சிய இரண்டு சிறு சாளரங்கள் வழியாகத்தான் காற்று வரவேண்டும்!

யாருக்குச் சொல்லக்கூடாது என்ற பட்டியலும் அங்கே உண்டு. கள்வனோடும் சினத்தனோடும், பிணியனும் ஏழையும் அதில் நிற்கின்றனர். ‘ஏழை’ என்பதற்கு அங்கே அறிவிலி என்றே பொருள் என்பர் உரைகாரர். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லின் வாழ்க்கையைப் பாருங்கள்! அன்று அறிவில்லாதவனைக் குறித்த சொல், இன்று பொருளில்லாதவனைக் குறிக்கிறது. பொருளில்லாதவன் அறிவில்லாதவனாகவே வைக்கப்பட்டிருந்த நாட்டில், இரண்டுக்கும் ஒரே சொல் பொருந்திப்போனதில் என்ன வியப்பு!

ஆகவே, முன்னாள் மாணவன் என்ற சொல்லே புதிய காலத்தின் பிள்ளை. பள்ளி ஒருவரது திண்ணையாக இருந்தது போய், ஊருக்குப் பொதுவான நிலையமாக ஆனபோது, யாரும் வரலாம், பயிலலாம், வெளியேறலாம் என்ற நிலை அரும்பியபோது, அந்தச் சொல்லுக்குத் தேவை வந்தது. அது பிறந்ததே ஒரு வெற்றியின் அடையாளம்.

‘மாணவர்’ என்ற சொல்லே தமிழா, வடமொழியா என்று இவ்விடத்தில் ஒரு வழக்கு எழும். வடமொழியில் ‘மாணவ’ என்றால் இளைஞன். குறிப்பாக, வேதம் பயிலும் பார்ப்பனச் சிறுவன். அதிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். மாட்சி என்னும் பொருள்தரும் ‘மாண்’ என்ற தமிழ் வேரில் முளைத்தது என்பார் மறு சாரார். அறிஞர்கள் வாதிடட்டும், நாமும் செவிகொடுப்போம். ஆனால் மனிதனுக்குப் பிறப்புப் பார்க்காதே என்று மேடைதோறும் முழங்கும் நாம், சொல்லுக்கு மட்டும் குலங்கோத்திரம் கேட்டு நின்றுவிடலாமா? எங்கே பிறந்தது என்பதைவிட, இன்று யாருக்கு உழைக்கிறது என்பதே நமக்குப் பெரிது. ஒருகால் அது பார்ப்பனச் சிறுவனை மட்டும் குறித்திருந்தால், இன்று பறையடிப்பவர் மகளையும் படகு விடுபவர் மகனையும் அது குறிக்கிறதே, அதைவிடப் பெரிய பழிவாங்கல் வேறென்ன வேண்டும்? அக்கிராசனரை நாம் அகற்றியது, அவர் வடக்கே பிறந்தவர் என்பதற்காக மட்டுமன்று. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் என்பதற்காக. அதே அளவுகோலை எல்லாச் சொல்லுக்கும் வைப்போம்.

*

வழக்கிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாக அழைப்போம்.

‘பழைய மாணவர்’ முதலில் வரட்டும். ஈழத்தில் இதுவே நிலைத்த வழக்கு. யாழ்ப்பாணத்துப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் இன்று இலண்டனிலும் தொரொந்தோவிலும் கூடுகின்றன. 1983க்குப் பிறகு ஊரிழந்து, உறவிழந்து, கடல் கடந்தவர்க்கு, படித்த பள்ளியின் பெயரே ஊர்ப்பெயராக நிற்கிறது. பெண்கள் பயின்ற பள்ளிகளுக்குப் பழைய மாணவிகள் சங்கங்களும் உண்டு. ஆங்கிலேயர் ‘ஓல்டு பாய்ஸ்’ என்றனர். பிரெஞ்சுக்காரர் புதுவையில் ‘ஆன்சியென் எலேவ்’ என்றனர். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1இல் நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் விடைபெற்றது. தொடர் மட்டும் பிரெஞ்சுப் பள்ளியில் பயின்றவரின் நாவிலே தங்கிற்று. மூன்றுக்கும் பொருள் ஒன்றே. ஆயினும் ஆங்கிலத் தொடரில் ‘பையன்கள்’ மட்டுமே உண்டு. தமிழ் ‘மாணவர்’ ஆணையும் பெண்ணையும் ஒருங்கே சொல்லும்.

‘பழைய என்றால் பழைய துணி, பழைய தாள், பழைய சோறு அல்லவா?’ என்று முகம் சுளிப்பவர் உண்டு. பழமைக்குப் பகைவரான நாமே இதற்கு மறுமொழி சொல்லவேண்டியிருக்கிறது! வள்ளுவர் ‘பழைமை’ என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நெடுநாள் பழகிய நட்பின் உரிமைக்கு அவர் இட்ட பெயர் அது. பழைய மாணவர் என்றால் பழகிய மாணவர். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து ‘முன்னாள் மாணவர்’. தமிழ்நாட்டிலும் புதுவையிலும் மிகுந்து வழங்குவது இதுவே. முன் என்பதோடு நாள் சேர்ந்து முன்னாள் ஆயிற்று. எளிய சொல், ஏற்ற சொல். ஆனால் அதன் கூட்டாளிகளைக் கவனியுங்கள்! முன்னாள் அமைச்சர், முன்னாள் தலைவர், முன்னாள் உறுப்பினர். பதவி போனவர்கள் பக்கத்திலேயே அது நெடுநாள் உட்கார்ந்துவிட்டது. ‘எக்ஸ்’ என்ற ஆங்கில ஒட்டு நுழைந்த இடமெல்லாம் இது நுழைந்தது. அமைச்சர் பதவி போகும். கற்ற கல்வி போகுமா?

நல்லவாட்டையே எடுத்துக்கொள்வோம். 2004 திசம்பர் 26 காலை. கடல் பொங்கிவரும் செய்தி, சிங்கப்பூரில் பணிசெய்துகொண்டிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் வாயிலாகத் தொலைபேசியில் வந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி அதை ஊருக்கு அறிவித்தது. மக்கள் கரையை விட்டு அகன்றனர், உயிர் பிழைத்தனர். ஊரை விட்டுச் சென்றவர்தான் அவர். அதனால் ‘முன்னாள் ஊரார்’ என்று அவரை எவரேனும் அழைத்தனரா? ஊரார் ஊராரே, எங்கிருந்தாலும். முன்னாள் மாணவர் என்ற சொல்லை நாம் தள்ளவில்லை; அதன் பொருளிலே இந்த உறவு குறையாதிருக்கட்டும் என்கிறோம்.

அண்மைக்காலமாக ‘மேனாள்’ என்றொரு சொல் அழைப்பிதழ்களில் கம்பீரமாக உலவுகிறது. மேல் என்பதோடு நாள் சேர்ந்தால் மேனாள்; அதுவும் முன்பு என்றே பொருள்படும் பழந்தமிழ்தான். முன்னாள் துணைவேந்தர் என்றால் இறங்கிவந்தவர் போலவும், மேனாள் துணைவேந்தர் என்றால் இன்னும் ஏறியே இருப்பவர் போலவும் ஒரு மயக்கம்! நற்றமிழைக் கொண்டு நாற்காலி செய்ய முனைவோரை வாழ்த்திவிட்டு மேலே நடப்போம்.

இப்போது நம் கதாநாயகன்: ‘அலுமினி’!

கல்லூரி வாசலில் நுழைந்து, நகரத்துத் தனியார் பள்ளிகளில் தங்கி, இன்று சிற்றூர்ப் பள்ளியின் அழைப்பிதழிலும் ஏறிவிட்டது இச்சொல். ‘நான் ஓர் அலுமினி’ என்கிறார் ஒருவர். அவர் ஒருவர், சொல்லோ பன்மை! இலத்தீனத்தில் ஆண் ஒருவன் ‘அலும்னுஸ்’, பெண் ஒருத்தி ‘அலும்னா’, பலர் கூடினால்தான் ‘அலும்னீ’. இரவல் வாங்கியவர்கள் ஒருமை பன்மை கேட்டு வாங்கவில்லை. தமிழில் ஒருமை பன்மை தவறினால் தலையில் குட்டும் தமிழாசிரியரும், இதற்கு மட்டும் கைகட்டி நிற்கிறார்.

இது போகட்டும். அந்தச் சொல்லின் பிறப்பைத் தேடிப்போனால், எதிர்பாராத ஓர் உறவினரைச் சந்திக்கிறோம். இலத்தீனத்தில் ‘அலெரே’ என்றால் ஊட்டு, உணவளித்து வளர் என்று பொருள். அலும்னுஸ் என்றால் ஊட்டி வளர்க்கப்பட்டவன், வளர்ப்புப் பிள்ளை. பண்டை உரோமாபுரியில், பெற்றோர் கைவிட்ட குழந்தையைப் பிறர் எடுத்து வளர்த்தால், அந்தக் குழந்தைக்கும் இதுவே பெயர். பள்ளியை ‘அல்மா மாட்டர்’ என்கிறார்களே, அதற்கும் ஊட்டும் தாய் என்பதே பொருள்.

ஊட்டி வளர்க்கப்பட்டவன்! இந்தப் பொருளுக்கு உலகிலேயே உரிமை மிகுந்த மாணவர் கூட்டம் எது? நம் கூட்டம்! சென்னை மாநகராட்சியில் நீதிக்கட்சியின் தியாகராயர் காலத்தில், 1920இல், ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு வழங்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையில் 1930 முதலே பள்ளியில் பகலுணவு உண்டு. 1956இல் காமராசர் ஆட்சி அதைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதைச் சத்துணவாக விரித்தது. பசித்த வயிற்றோடு வந்த பிள்ளை, அலுமினியத் தட்டை ஏந்தி வரிசையில் நின்றது, உண்டது, உண்ட தெம்பில் எழுத்தைக் கூட்டிப் படித்தது. இலத்தீன இலக்கணப்படி பார்த்தால், அந்தத் தட்டை ஏந்திய கைதான் உண்மையான ‘அலுமினி’யின் கை!

ஆனால் அந்தக் கை, இன்று அழைப்பிதழைத் திருப்பிக் கொடுக்கிறது. அலுமினியத் தட்டு ஏந்தியவர் கடற்கரையில். ‘அலுமினி’ என்ற பட்டம் ஏந்தியவர் மேடையில். ஊட்டப்பட்டவன் என்னும் பொருள்கொண்ட சொல்லே, ஊட்டப்பட்டவனை வெளியே நிறுத்துகிறது. சொல் செய்த பிழையா இது? இல்லை. சொல்லைப் பட்டமாக்கிப் பூட்டிவைத்தவர் பிழை.

அந்தக் கூட்டங்களின் நடைமுறையைக் காணுங்கள். முன்வரிசை யாருக்கு? கட்டடம் கட்டப் பணம் கொடுத்தவருக்கு. வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்கு. பெரிய பதவியில் இருப்பவருக்கு. பள்ளிக்குக் கொடுப்பது நற்செயல்; கொடுப்பவரைப் பாராட்டுவோம். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’த் திட்டமும் முன்னாள் மாணவரின் கொடையை நாடுகிறது. பெயரிலேயே ‘ஸ்கூல்’ முந்திக்கொண்டது என்ற குறையைத் தவிர, நோக்கத்தில் குறையில்லை. ஆனால் கொடுப்பவர் மட்டுமே முன்னாள் மாணவர் என்ற எண்ணம் வேரூன்றினால், நன்னூலின் பட்டியலிலே பொருள் மிகக் கொடுப்பவனுக்கு இருந்த தனியிடம், ஏறக்குறைய எண்ணூறு ஆண்டு கழித்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது என்றே பொருள்!

*

எஞ்சியிருப்பது ஒரு சொல். அதுதான் நெஞ்சைச் சுடுவது. பள்ளிப் படிப்பை முடிக்காது வெளியேறிய பிள்ளையை அரசு ஏடுகள் ‘இடைநின்றவர்’ என்கின்றன. செயலுக்கு ‘இடைநிற்றல்’ என்று பெயர். மக்கள் பேச்சிலும் ‘நின்னுட்டான்’ என்பதே வழக்கு.

நின்றானா? எழுவாயைச் சோதியுங்கள், இலக்கணம் கற்ற இளைஞர்களே! ‘நின்றான்’ என்பது தன்வினை. தானே விரும்பி, தானே முடிவெடுத்து நின்றவனுக்கு அது பொருந்தும். தந்தையின் படகு கடலோடு போனபின் வலையைத் தோளில் ஏற்றிய சிறுவன் தானாகவா நின்றான்? பருவமெய்தினாள் என்று வீட்டோடு இருத்தப்பட்ட சிறுமி தானாகவா நின்றாள்? தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அழைத்துப் போகப்பட்டவள் தானாகவா நின்றாள்? அவர்கள் நிறுத்தப்பட்டவர்கள்! வறுமை நிறுத்திற்று, வழக்கம் நிறுத்திற்று, சாதி நிறுத்திற்று. வினையைச் செய்தவனை மறைத்துவிட்டு, வினைக்கு ஆளானவனையே வினைமுதலாக்கிவிட்டது ஒரு சிறு சொல்.

1953இல் சென்னை மாநிலத்தில் இராசாசி கொண்டுவந்த கல்வித் திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று அதை அடையாளம் காட்டி இயக்கம் எதிர்த்தது. 1954இல் அது கைவிடப்பட்டது. திட்டம் போய்விட்டது, தோழர்களே. ஆனால் எட்டாம் வகுப்போடு ஒருவன் அப்பனின் வலைக்குத் திரும்பும்போதெல்லாம், அத்திட்டம் ஆணை இல்லாமலே நடக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கட்டாயக் கல்விச் சட்டம், ஆறு முதல் பதினான்கு அகவை வரை கல்வியை உரிமை என்கிறது. உரிமை பறிபோனவனைப் பார்த்து ‘நீ நின்றுவிட்டாய்’ என்பதா? அவனும் அதை நம்பி, ‘நான் நின்னுட்டவன்’ என்று தலைகுனிவதா?

சொல்லை மாற்றினால் வறுமை மாறிவிடுமா என்று கேட்பார்கள். மாறாது. அந்த மயக்கம் நமக்கு இல்லை. ‘இடைநின்றவர்’ என்பதை ‘நிறுத்தப்பட்டவர்’ என்று எழுதியவுடன் எந்தப் பிள்ளையும் வகுப்புக்குத் திரும்பி வந்துவிடாது. ஆனால், நின்றவரைப் பார்த்து ‘ஏன் நின்றாய்?’ என்று கேட்கிறோம். நிறுத்தப்பட்டவரைப் பார்த்தால், ‘நிறுத்தியது எது?’ என்று கேட்கத் தோன்றும். முதல் கேள்வி பிள்ளையின் தலையைக் குனியவைக்கும். இரண்டாவது, ஊரை விடைசொல்ல வைக்கும். இந்த வேறுபாட்டுக்காகவே நாம் சொல்லை மாற்றக் கோருகிறோம்.

ஆகவே நம் முடிவு இது. பழைய மாணவர் என்றாலும், முன்னாள் மாணவர் என்றாலும் நமக்கு உடன்பாடே. இரண்டும் ஊரார் நாவில் ஊறிய சொற்கள். புதிதாக ஒன்றைப் புனைந்து, அதற்கு அகராதியில் இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ‘அலுமினி’யை அது பிறந்த மொழிக்கே நன்றியுடன் அனுப்பிவைப்போம், அதன் பொருளை மட்டும் நாம் வைத்துக்கொள்வோம். பள்ளியில் உண்டவர், பள்ளியில் எழுதியவர், பள்ளித் தரையில் உட்கார்ந்தவர் அனைவரும் அப்பள்ளியின் மாணவர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியல் அல்ல, முதல் வகுப்பின் சேர்க்கைப் பதிவேடே முன்னாள் மாணவரின் பெயர்ப்பட்டியல்.

மன்றங்களிலும் படிப்பகங்களிலும் பணியாற்றும் இளைஞர்களே! உங்கள் ஊர்ப் பள்ளியில் முன்னாள் மாணவர் கூட்டம் நடக்கிறதா? தலைமையாசிரியரை அணுகுங்கள், சேர்க்கைப் பதிவேட்டிலுள்ள பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படகுத்துறைக்குப் போங்கள்; செங்கல் சூளைக்குப் போங்கள்; கலியாணமாகி அடுத்த ஊர் சென்ற பெண்களின் வீட்டுக்கும் போங்கள். ஒவ்வொரு பெயரையும் அழையுங்கள். வந்தவரை முன்வரிசையில் உட்காரவையுங்கள். ‘உங்களை நிறுத்தியது எது?’ என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லி எழுதுங்கள். கட்டட நிதியைவிட அந்தக் குறிப்பேடு பள்ளிக்கு நூறு மடங்கு பயன்படும். அடுத்த பிள்ளையை நிறுத்த வருவது எது என்பது அதிலேதான் தெரியும்.

நல்லவாட்டுத் தோழர் திருப்பிக் கொடுத்த அழைப்பிதழ் நம் கையிலேயே இருக்கிறது. அச்சிட்ட தலைப்பை மையினால் அடித்துவிட்டு, அதன்மேல் எழுதினோம்: ‘இப்பள்ளியில் ஒருநாளேனும் பயின்ற அனைவரும் வருக.’ மறுநாள் மீண்டும் கரைக்குச் சென்று கொடுத்தோம். அவர் அதையும் படித்தார். “ஒருநாளேனும்னு போட்டிருக்கு. நான் எட்டு வருசம் சார்!” என்றார். இம்முறை அழைப்பிதழ் திரும்பி வரவில்லை.